நாணயக் குற்றிகளைப் படமெடுத்து ஒப்பிடுவது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் சிறிய ஸ்டூடியோ ஒன்று நடத்துகிறேன். அடையாள அட்டைப் படமும் திருமண அல்பமும் சோறு போடுகின்றன. நாணயக் குற்றிகள் கடை பூட்டிய பிறகு. மேசையில் பூதக்கண்ணாடியைக் கண்டவர்கள் கேட்கத் தொடங்குவார்கள். அடுத்த வாரம் மாங்குளத்திலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ இன்னொருவர் வந்து அதையே கேட்பார். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

ஒரே ஆண்டு, ஒரே பெறுமதி. இரண்டு குற்றிகளை ஒப்பிட என்ன இருக்கிறது?

குற்றி அச்சில் பிறக்கிறது. மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, நடுவில் வெற்று உலோக வில்லை, ஓர் அடி. இயந்திரத்தில் அடிக்கும் காசுகளுக்கு ஒரே மூலத்திலிருந்து பல அச்சுகள் எடுப்பார்கள். ஒவ்வோர் அச்சும் அடிக்க அடிக்கத் தேயும், வெடிக்கும், ஓரம் உடைந்து விழும். எழுத்தின் குழிக்குள் எண்ணெயும் தூசியும் அடைந்தால் அந்த எழுத்து அரைகுறையாக விழும். சில வேளை வில்லை வந்து சேராமலே இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்; ஒன்றின் உருவம் மற்றதில் மெல்லிய நிழலாகப் பதிந்துவிடும். அதன்பிறகு அந்த அச்சில் பிறக்கும் ஒவ்வொரு குற்றியும் அந்தத் தழும்போடுதான் வெளியே வரும்.

கையால் வெட்டிய அச்சில் சம்மட்டியால் அடித்த பழங்காசுகளில் வேறுபாடு இன்னும் கூடுதல். நந்தியின் கொம்பை ஒரே மாதிரி இரண்டு தடவை வெட்ட எந்தக் கைவினைஞனாலும் முடியாது.

ஆகவே இந்த வேலை முழுவதும் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகிறது: நான் காணும் இந்த வேறுபாடு அச்சில் இருந்ததா, காசு பிறந்த பிறகு ஏற்பட்டதா, அல்லது என் மேசை விளக்கு செய்த வேலையா? என்னிடம் காட்டப்படும் "அபூர்வ" வேறுபாடுகளில் பெரும்பாலானவை மூன்றாவது வகை.

வன்னியில் இருந்துகொண்டு எந்தக் காசில் தொடங்கலாம்?

சட்டைப்பையில் இருப்பதில் தொடங்குங்கள். 2013 என்று ஆண்டு பொறித்த பத்து ரூபாய் மாவட்டத் தொடரில் 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொரு குற்றி உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் கிடைத்தால் நல்லது. ஒரு பக்கம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், மறுபக்கம் பொது. அந்தப் பொதுப் பக்கங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதுதான் நான் எல்லோருக்கும் கொடுக்கும் முதற்பாடம். செலவு நாற்பது ரூபாய். அதுவும் திரும்பச் சில்லறையாக உதவும்.

அடுத்த படி, வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் சதங்கள். 1870 இல் தொடங்கிய செம்புச் சதங்களில் ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை, மறுபக்கம் தாளிப்பனை. (நம்மவர்கள் அதைப் பனை என்றே சொல்வார்கள். நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.) 1944 இன் அலை விளிம்பு இரண்டு சதமும் நிறைய அகப்படும்.

இன்னும் பின்னால் போனால் விருந்து. 1803 இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய அதே காலத்தில் கொழும்பில் ஆங்கிலேயர் யானை உருவம் போட்ட செம்புக் காசுகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த யானைகளின் தும்பிக்கையும் வாலும் அச்சுக்கு அச்சு மாறும். அதற்கு முன் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னச் செம்புக் காசு. "துட்டு" என்ற நம் சொல்லே அந்தக் காசின் ஒல்லாந்தப் பெயரிலிருந்து வந்ததுதான். ஒல்லாந்தின் வெவ்வேறு மாகாணங்களில் அடிக்கப்பட்டவை என்பதால் அவற்றில் கேடயம் மாறும்; சீலாந்தில் அடித்ததில் சிங்கம் அலைக்குள்ளிருந்து எழும்பும். அதற்கும் முன், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசு: நின்ற கோலத்தில் அரசன், பின்பக்கம் படுத்திருக்கும் நந்தி, கீழே "சேது" என்ற எழுத்து. இந்தப் பழையவற்றுக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கைத்தொலைபேசிக் கமரா போதுமா?

போதும், மூன்று நிபந்தனைகளோடு.

முதலாவது, மிக அருகில் கொண்டுபோகாதீர்கள். தொலைபேசியின் கமரா வில்லை (லென்ஸ்) அகலக் கோணம் கொண்டது. நான்கு விரற்கிடைக்குள் போனால் குற்றியின் நடு உப்பும், ஓரம் சுருங்கும். ஒரு சாண் தள்ளி வைத்து, இரு மடங்கு பெரிதாக்கும் வில்லை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, கமராவின் முகமும் குற்றியின் முகமும் இணையாக இருக்க வேண்டும். சிறிது சரிந்தாலும் வட்டம் நீள்வட்டமாகும். அதன்பிறகு எந்த மென்பொருளிலும் ஒப்பீடு நம்பத்தக்கதாக இராது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. குற்றி இருக்க வேண்டிய இடத்தில் சிறிய முகம்பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். திரையின் நட்டநடுவில் உங்கள் தொலைபேசியின் கமராக் கண்ணே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தாங்கியைச் சற்றே அசைத்துச் சரிசெய்யுங்கள். நான் ஸ்டூடியோவில் பெரிய கமராவுக்கும் இதைத்தான் செய்கிறேன்.

மூன்றாவது, தொலைபேசி தானாகச் செய்யும் அலங்காரங்களை எல்லாம் நிறுத்துங்கள். படத்தைக் கூர்மையாக்குவதாகச் சொல்லி அது ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு ஒன்றைப் போட்டுவிடும். "இரட்டை எழுத்து அடித்த காசு" என்று காட்ட வருகிறவர்களில் பலர் கொண்டுவருவது இந்த வெள்ளைக் கோட்டைத்தான். செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கும் செயலிகள் இன்னும் மோசம். காசில் இல்லாத கோட்டை அவையே வரைந்து தரும்.

விளக்கை எங்கே வைப்பது? ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறீர்கள்?

சுட்டுக்கொண்ட கை.

அப்பாச்சியின் வெற்றிலைத் தட்டத்தில் கிடந்த 1944 ஆம் ஆண்டு இரண்டு சதம் ஒன்று என்னிடம் உண்டு. மன்னரின் மூக்கு நுனியிலிருந்து விளிம்புவரை மெல்லிய கோடு. படத்தில் அது உயர்ந்த கோடாகத் தெரிந்தது. உயர்ந்த கோடென்றால் அச்சு வெடித்திருக்கிறது. வெடிப்புக்குள் உலோகம் புகுந்து மேடாகியிருக்கிறது. மூன்று வாரம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். ஒரு மாரிக்கால இரவு மின்சாரம் நின்றது. டோர்ச் விளக்கை வலப்பக்கமாகப் பிடித்துப் பார்த்தேன். கோடு பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. பாக்குவெட்டி கீறிய கீறல்.

நடந்தது இதுதான். நம் கண் ஒளி மேலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளும், சூரியன் அங்கேதானே இருக்கிறது. விளக்கைக் கீழ்ப்பக்கமாக வைத்துப் படமெடுத்தால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் புரண்டு தெரியும். அன்று என் விளக்கு குற்றியின் கால்மாட்டில் இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து விளக்கின் இடத்தைக் கடிகார முள்ளைப்போலக் குறித்துவைக்கிறேன். குற்றியின் உச்சி பன்னிரண்டு மணி என்றால் விளக்கு பத்து மணியில். மேசையில் பசைநாடா ஒட்டி அடையாளமும் போட்டிருக்கிறேன். சந்தேகமான குற்றிக்கு இரண்டு மணியில் ஒன்று, ஐந்து மணியில் ஒன்று, எட்டு மணியில் ஒன்று என்று மேலும் மூன்று படம். அச்சில் பிறந்த கோடு நான்கிலும் ஒரே இடத்தில் இருக்கும். நிழல் இடம் மாறிவிடும். ஒப்பிடப்போகும் இரண்டு குற்றிகளுக்கும் விளக்கு, தூரம், உயரம் மூன்றும் மாறக்கூடாது. ஒன்றைக் காலையில் யன்னலோரத்திலும் மற்றதை இரவில் குமிழ் வெளிச்சத்திலும் எடுத்துவிட்டு மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

தேய்ந்த செம்புக் காசுக்கு விளக்கைத் தாழ்த்துங்கள், ஏறக்குறைய மேசை மட்டத்துக்கு. அழிந்துபோனதென்று நினைத்த எழுத்து எழும்பி வரும்.

பளபளக்கும் புதுக் காசில் என் தொலைபேசிதான் தெரிகிறது. என்ன செய்வது?

வெள்ளை யோகட் கோப்பையின் அடியை வெட்டி எடுத்துவிட்டுக் குற்றியின்மேல் கவிழ்த்து, ஓட்டை வழியாகப் படமெடுங்கள். விளக்கு கோப்பைக்கு வெளியே. ஒளி பரவி விழும். இன்னொரு வழி, படச்சட்டக் கண்ணாடியைக் குற்றிக்கும் கமராவுக்கும் இடையில் 45 பாகை சரித்துப் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடிப்பது. கண்ணாடி ஒளியை நேரே கீழே அனுப்பும். தட்டையான தளம் வெளிச்சமாகவும், எழுத்தின் சரிவுகள் இருளாகவும் பிரிந்து தெரியும்.

எந்த மென்பொருள்?

அடுக்குகள் (லேயர்), அதாவது ஒரு படத்தின்மேல் இன்னொன்றை வைக்கும் வசதி, உள்ள எதுவும். ஜிம்ப் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். ஃபோட்டோஷொப் இருப்பவர்கள் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் நிறுவ முடியாவிட்டால் உலாவியில் ஓடும் ஃபோட்டோபீ. அளவெடுப்பதற்கு மட்டும், ஆய்வுகூடக்காரர் பயன்படுத்தும் இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளைச் சொல்வேன். திருமண அல்பத்தில் கண்மூடி நிற்கும் மாமாவுக்கு வேறு படத்திலிருந்து கண் எடுத்துவைக்கிறோமே, அதற்குத் தேவையான அறிவே இதற்கும் போதும்.

சரி, ஒன்றன்மேல் ஒன்று வைப்பது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

இரண்டு படங்களையும் ஒரே கோப்பில் இரண்டு அடுக்குகளாகத் திறவுங்கள். ஜிம்ப்பில் அதற்கென்றே கட்டளை உண்டு. இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்குங்கள். ஒன்று சிவந்த செம்பு, மற்றது களிம்பேறிய பச்சை என்றால் நிறம் கண்ணை ஏமாற்றும். கீழ் அடுக்கைத் தொடாதீர்கள். கீழ் அடுக்கு ஊடுருவித் தெரியும்படி மேல் அடுக்கின் ஒப்பாசிட்டியை 50 வீதத்துக்குக் குறையுங்கள்.

இனி, பொருத்துவதற்கு இரண்டு புள்ளிகள் வேண்டும். எல்லோரும் காசின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள், அது தவறு. விளிம்பு எங்கே முடிகிறது என்பது வில்லை எப்படி உட்கார்ந்தது என்பதைப் பொறுத்தது, அச்சின் உருவத்தைப் பொறுத்ததன்று. உருவத்துக்குள்ளேயே, ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இரண்டு கூர்மையான இடங்களை எடுங்கள். 1870 சதத்தில் நான் எடுப்பது மரத்தின் உச்சி ஓலையின் நுனி ஒன்று, ஆண்டின் கடைசி இலக்கத்தின் ஓரம் ஒன்று. முதற்புள்ளி பொருந்தும்வரை மேல் அடுக்கை நகர்த்துங்கள். அதை மையமாக வைத்து, இரண்டாவது பொருந்தும்வரை சுழற்றுங்கள். அளவு போதாவிட்டால் பெரிதாக்குங்கள். ஆனால் சங்கிலி அடையாளம் பூட்டியிருக்க வேண்டும், அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் மாறும்படி. நான்கு மூலையையும் தனித்தனியே இழுக்கும் கருவிகளின் பக்கம் போகவே போகாதீர்கள். அப்படி இழுத்தால் முறிகண்டிப் பிள்ளையாரையும் வற்றாப்பளை அம்மனையும்கூட ஒன்றாகப் பொருத்திவிடலாம்.

பொருத்திய பிறகு மூன்று விதமாகப் பாருங்கள். எனக்குப் பிடித்தது சிமிட்டுவது: ஒப்பாசிட்டியை 100க்கு ஏற்றி, மேல் அடுக்கின் கண் அடையாளத்தை அழுத்தி மறைப்பதும் காட்டுவதுமாக விரைவாக மாற்றுங்கள். மாறாதது அசையாமல் நிற்கும், மாறியது துள்ளும். வான்படத் தகடுகளை இப்படி மாறிமாறிப் பார்த்துத்தான் 1930 இல் கிளைட் டொம்போ புளூட்டோவைக் கண்டுபிடித்தார். ஒரு புள்ளி துள்ளியது, அவ்வளவுதான். கண்ணுக்கு அசைவைப் பிடிக்கும் திறன் அப்படி.

இரண்டாவது, அடுக்கின் கலப்பு முறையை "டிஃபரன்ஸ்" என்று மாற்றுவது. ஒன்றாக இருக்கும் இடம் கறுக்கும், வேறுபடும் இடம் வெளிக்கும். கேட்க அருமையாக இருக்கும்; நடைமுறையில் வெளிச்சம் ஒரு துளி மாறினாலும் படம் முழுவதும் வெளித்துவிடும். நான் இதைக் கடைசியில்தான் பயன்படுத்துகிறேன். மூன்றாவது, ஒன்றைச் சிவப்பாகவும் மற்றதை நீலப்பச்சையாகவும் நிறமூட்டிச் சேர்ப்பது. பொருந்திய கோடு சாம்பல் நிறமாகும், விலகிய கோட்டுக்கு நிறக்கரை தெரியும். பிறருக்குக் காட்ட இது நல்லது.

விலகலை அளக்கவும் முடியும். சதத்தின் விட்டம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். படத்தில் அது 2,200 படப்புள்ளிகளைப் பிடித்தால் மில்லிமீட்டருக்கு 100 புள்ளி. பத்துப் புள்ளி விலகல் என்றால் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று. இரண்டு மூன்று புள்ளி விலகலுக்கு நான் வாய் திறக்கமாட்டேன். அது என் கை நடுக்கமாகவும் இருக்கலாம். உங்கள் நடுக்கம் எவ்வளவு என்று தெரிய, ஒரே குற்றியை எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்து இன்னொரு படம் எடுங்கள். அவை இரண்டையும் பொருத்துங்கள். ஒரே காசே எவ்வளவு விலகுகிறதோ அதற்குள் வரும் எதையும் வேறுபாடு என்று எண்ணாதீர்கள்.

இரண்டு சேதுக் காசுகள் பொருந்திவிட்டன. ஒரே அச்சு என்று சொல்லலாமா?

எவ்வளவு பொருந்தின என்பதைப் பாருங்கள். நந்தியின் திமில், கொம்பின் வளைவு, "சேது" எழுத்துகளின் இடைவெளி ஆகியவை பொருந்தி, வில்லையின் வெளிவடிவம் மட்டும் வேறாக இருந்தால், ஆம், ஒரே அச்சு என்று சொல்ல நல்ல காரணம் இருக்கிறது. சம்மட்டி அடியில் உலோகம் கொஞ்சம் பரவும்; அதனால் ஓரப் பகுதிகளில் மயிரிழை விலகல் வரலாம். நந்திப் பக்கம் ஒரே அச்சு, அரசன் பக்கம் வேறு அச்சு என்று வந்தால் இன்னும் மகிழ்ச்சி. ஓர் அச்சு தேய்ந்து மாற்றப்பட்டபோது மற்றது தொடர்ந்து வேலை செய்திருக்கிறது. எது முந்தியது, எது பிந்தியது என்ற வரிசையை இப்படிச் சங்கிலியாகக் கோக்கலாம்.

எல்லாமே பொருந்தினால்? உருவம், வெளிவடிவம், ஓரத்து வெடிப்பு, வயிற்றிலுள்ள கீறல், சின்னக் குழி எல்லாம்? அப்போது பயப்படுங்கள். அடித்த காசுகள் இரண்டுக்கு ஒரே கீறல் இருக்க வழியில்லை. ஒன்றை வைத்து மற்றதை வார்த்திருக்கிறார்கள், அல்லது இரண்டையும் மூன்றாவது ஒன்றிலிருந்து வார்த்திருக்கிறார்கள். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்குவதால் போலி ஒரு பொடியளவு சிறிதாகவும் இருக்கும். காசின் பக்கவாட்டில் ஒட்டுக்கோடும், தளத்தில் காற்றுக் குமிழ்க் குழிகளும் இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். இராஜராஜ சோழன் பெயர் பொறித்த காசையும் அதைப் பின்பற்றிய பொலன்னறுவைக் காலத்துச் செம்புக் காசுகளையும் இப்படி வார்த்து விற்கிறவர்கள் உண்டு. போலியைக் காட்டிக்கொடுப்பதில் இந்த அடுக்கு வேலையை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

எழுத்து இரண்டாகத் தெரிகிறது. அச்சுப் பிழைதானே?

அச்சே இரட்டையாக உருவாகியிருந்தால் இரண்டாவது உருவமும் முதலாவதைப்போல உருண்டு திரண்டு இருக்கும். எழுத்தின் நுனிகள் பிளந்திருக்கும். அடித்த கணத்தில் அச்சு ஆடியதால் வந்த இரட்டையாக இருந்தால் எழுத்தின் பக்கத்தில் தட்டையான படிக்கட்டுப்போல ஒன்று தெரியும். முதலாவதுக்குத்தான் மதிப்பு. ஐயமாக இருந்தால் அதே ஆண்டில் அதே அச்சில் பிறந்த இன்னொரு குற்றியைத் தேடி மேலே வையுங்கள். அச்சுப் பிழை அதே இடத்தில், அதே அளவில் திரும்ப வரும்; ஆட்டத்தால் வந்தது திரும்ப வராது.

தீயில் அகப்பட்ட, நிலத்தில் புதைந்த காசுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் வேறுபாடு பார்க்க முடியுமா?

இந்தக் கேள்வி வன்னிக்கே உரியது. ஓர் அம்மா பால்மாப் பேணி ஒன்றைக் கொண்டுவந்தார். 2009 இல் விட்டுப்போன வீட்டின் அடுப்படி மூலையில், மீளக்குடியேற வந்தபோது தோண்டியெடுத்தது. உள்ளே ஒரு ரூபாய்க் குற்றிகளும் அலுமினியப் பத்துச் சதங்களும். ஒரு ரூபாயின்மேல் வெள்ளியைப் போல ஏதோ வழிந்து உறைந்து, பாதி எழுத்தை மூடியிருந்தது. "அடிக்கும்போது கூடுதல் உலோகம் ஊற்றிவிட்டார்களா, தம்பி?" என்று கேட்டார்.

அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். செம்பும் நிக்கலும் கலந்த ரூபாய்க்கு 1,100 பாகைக்கு மேல் வேண்டும். வீடு எரிந்த சூட்டில் சதங்கள் உருகி ரூபாயின்மேல் வழிந்திருக்கின்றன. அதை நாணயச்சாலைப் பிழை என்று சொல்லி யாருக்கும் விற்கக்கூடாது. விற்கும் எண்ணமும் அவருக்கு இருக்கவில்லை. பேணியோடு படமெடுத்து, பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன்.

2005 முதல் வந்த பூச்சு உருக்குக் குற்றிகளில் வேறொரு தொல்லை. ஈரமண்ணில் கிடந்தால் பூச்சுக்கு அடியில் துரு ஏறி, எழுத்து வீங்கும், கொப்புளிக்கும். படத்தில் தடித்த எழுத்து, புது அச்சு என்று தோன்றும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, விளக்கைத் தாழ்த்தி இன்னொரு படம் எடுங்கள். கொப்புளத்துக்கு ஒழுங்கான ஓரம் இராது.

பின்பக்கம் சரிந்து நிற்கிறது. எவ்வளவு சரிவு என்று படத்தில் அளக்கலாமா?

இன்று புழங்கும் நம் குற்றியை நிமிர்த்திப் பிடித்து, புத்தகத் தாளைப் புரட்டுவதுபோலப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அச்சு தளர்ந்து சுழன்றிருந்தால் சரிந்து நிற்கும். குற்றியைச் சதுரப் பிளாஸ்திக் உறையில் அசையாமல் வைத்து, முகப்பக்கத்தைப் படமெடுத்து, உறையைப் பக்கவாட்டில் புரட்டி மறுபக்கத்தை எடுங்கள். உறையின் ஓரமே உங்கள் நேர்கோடு. அதிலிருந்து மென்பொருளின் கோணமானியால் இரண்டு பக்கங்களையும் அளந்து, வித்தியாசத்தைப் பாருங்கள். ஐந்து பாகைக்குள் இருந்தால் நான் குறித்துக்கூட வைப்பதில்லை.

படத்தில் தெரியாத வேறுபாடு உண்டா?

உண்டு, அதுவும் பெரியதாக. போர்க்காலத்தில், 1942 முதல் அடித்த மெல்லிய வெண்கலச் சதத்தின் எடை, அதற்கு முந்திய கனத்த செம்புச் சதத்தில் ஏறக்குறையப் பாதிதான். மேலிருந்து படமெடுத்தால் இரண்டும் அண்ணன் தம்பி. நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சிறிய மின் தராசு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு படத்தோடும் எடையையும் எழுதிவைக்காவிட்டால் படத்தின் பயன் பாதி. விளிம்பையும் தனியே ஒரு படம் எடுங்கள். வரிப்பல் விளிம்பா, வழுவழுப்பா என்பது மேலிருந்து தெரியாது.

படமெடுக்க முன் புளி போட்டு மினுக்கலாமா?

வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்யாதீர்கள். புளியும் எலுமிச்சையும் மேற்பரப்பைக் கரைக்கும், சாம்பல் கீறும். நீங்கள் தேடும் மயிரிழைக் கோடுகள் அந்தப் பரப்பில்தான் இருக்கின்றன. மண் ஒட்டியிருந்தால் அப்படியே எடுங்கள்.

தோட்டத்தில் கொத்தும்போது பழங்காசு கிடைத்தது. என்ன செய்வது?

முதலில், கொத்துவதை நிறுத்துங்கள். கண்ணிவெடி அகற்றிய காணிதானா என்பது தெரியாமல் காசுக்காக ஓர் அங்குலமும் கிண்டாதீர்கள். காசைவிடக் கால் பெரிது.

அடுத்தது சட்டம். 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2 க்கு முந்திய காலத்து நாணயங்கள் தொல்பொருள்கள். நிலத்துக்குள்ளிருந்து கிடைப்பவை அரசுக்குரியவை. அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். சேதுக் காசும் ஒல்லாந்தர் துட்டும் இந்த எல்லைக்குள் வரும். கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலோ தீப்பெட்டியோ வைத்துப் படமெடுத்துவிட்டு, கிராம அலுவலர் வழியாகவோ நேராகவோ தொல்பொருள் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள். எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் காசின் வரலாற்றில் பாதி போய்விடும். மன்னாருக்குப் பக்கத்தில் இருந்த பழைய மாந்தைத் துறைக்கு எத்தனை நாட்டுக் கப்பல்கள் வந்துபோயின என்பதை இன்று பேச முடிகிறதென்றால், மண்ணோடு சேர்த்துப் பதிவுசெய்த சின்னச் சின்னப் பொருள்களும் அதற்கு ஒரு காரணம்.

இது எவ்வளவுக்குப் போகும்?

தெரியாது. விலை சொல்வதில்லை.

படங்களை உங்களுக்கு எப்படி அனுப்புவது?

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கும். சுருக்கும்போது எழுத்தின் ஓரங்கள் கட்டம் கட்டமாக உடையும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே வரும். வெட்டாமல், திருத்தாமல், கமராவிலிருந்து வந்த மூலப்படமே வேண்டும். திருத்திய பிரதியை வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, பெறுமதி, பக்கம், விளக்கின் மணி, எடை எல்லாம் இருக்கட்டும். "1944-இரண்டு சதம்-முகம்-பத்து மணி" என்று பெயர் வந்தால் அன்றிரவே பார்த்துவிடுவேன். பெயரில்லாமல் வரும் படங்கள் திருமணப் பருவம் முடியும்வரை காத்திருக்கும். ஆவணியில் அனுப்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.